எறியறது யாரு, பிடிக்கிறது யாரு?

பொட்டி தட்டற நண்பர்கள் தினமும் எழுதற வார்த்தைகள்ல ஒண்ணு 'த்ரோ'. ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கு. நடுவுல ஏதோ ஒரு ஃபங்ஷனால தன் வேலையை முடிக்க முடியல. உடனே அது எக்ஸப்ஷன்னு ஒண்ணைத் தூக்கி மேலே எறியுது. தன்னைக் கூப்பிட்டவன், அவனைக் கூப்பிட்டவன்னு படிப்படியா மேலே போகும். வழியில யாராவது பிடிச்சா பிழைச்சோம். யாருமே பிடிக்கலைன்னா புரோகிராம் காலி.

இதை எப்ப எறியணும்? பாடப்புத்தகத்தைப் புரட்டினா 'விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும் எறியவும்'னு ஒரு வரி இருக்கும். பசிச்சா சாப்பிடுங்கன்னு டாக்டர் சொல்ற மாதிரி. எது விதிவிலக்கு, அதை யார் முடிவு பண்றது? அதானேய்யா கேள்வியே!

இந்தக் கேள்விக்குப் பின்னால கிட்டத்தட்ட அறுபது வருஷத்துச் சண்டை இருக்கு. அதில ரெண்டு ராக்கெட் வருது. ஒண்ணு நிலாவுக்குப் போச்சு, இன்னொண்ணு சதுப்பு நிலத்துல விழுந்துச்சு. கணினி வாடையே ஆகாதவங்களும் தைரியமா படிக்கலாம், நிரல் ஒரு வரிகூடக் கிடையாது :-)

ஆரம்ப காலத்துல எறியறதும் இல்ல, பிடிக்கிறதும் இல்ல. வேலை முடிஞ்சு திரும்பி வரும்போது ஒரு எண்ணைக் கையில கொடுத்து அனுப்புவாங்க. பூஜ்யம்னா நல்லபடியா முடிஞ்சது, வேற எண்ணுன்னா ஏதோ கோளாறு. சி மொழியில இன்னைக்கும் பெரும்பாலும் இதே கதைதான். இதுல ஒரே ஒரு சிக்கல். வாங்கினவன் அந்த எண்ணைப் பார்க்கணும். பார்க்காம சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்னா கேட்க நாதி இல்ல.

1960-களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/1 மொழிதான் இதை மொழிக்குள்ளேயே கொண்டுவந்த பெரிய முயற்சி. 'பூஜ்யத்தால வகுத்தா இதைச் செய்', 'கோப்பு முடிஞ்சா இதைச் செய்'னு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அந்த நிலைமை வந்ததும் இயந்திரமே ஓடிவந்து நீங்க சொன்னதைச் செய்யும். பல சமயங்களில் விட்ட இடத்துக்கே திரும்பிப்போய் வேலையைத் தொடரவும் செய்யும். இங்கேயே ஒரு குழப்பத்துக்கு விதை விழுந்துச்சு. பூஜ்யத்தால வகுக்கிறது கோளாறு, சரி. கோப்பு முடியறது கோளாறா? எல்லாக் கோப்பும் ஒருநாள் முடிஞ்சுதானே ஆகணும்? ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுட்டாங்க.

இந்தச் சர்ச்சை புத்தகங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு இடத்துல இதை நடைமுறையில தீர்த்துட்டாங்க. அது அப்போலோ.

1969 ஜூலை 20. ஈகிள் நிலாவை நோக்கி இறங்கிக்கிட்டு இருக்கு. கணினித் திரையில திடீர்னு 1202னு ஒரு அலாரம். ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் அது என்னன்னு தெரியல, ஹூஸ்டனைக் கேட்கறாங்க.

நடந்தது இதுதான். சந்திப்பு ரேடார்னு ஒண்ணு, இறங்கும்போது அதனால ஒரு உபயோகமும் இல்ல. ஆனா மின்சார இணைப்புல இருந்த ஒரு பொருத்தக்கேட்டால அது கணினிக்கு இடைவிடாம வெத்து சிக்னல் அனுப்பிக்கிட்டே இருந்தது. கணினியோட நேரத்துல ஏறக்குறைய 15 சதவீதம் இதுக்கே போச்சு. ரெண்டு விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டிய வழிகாட்டும் வேலை, முடியறதுக்குள்ள அடுத்த சுற்று ஆரம்பிச்சிடுது. முடியாத வேலைகள் அடுக்கடுக்காச் சேருது. ஒவ்வொரு வேலைக்கும் 12 சொல் அளவுல ஒரு சின்ன நினைவக இடம் வேணும். கடைசியில புதுசா வந்த வேலைக்குக் கொடுக்க இடமே இல்ல. மொத்தத் தற்காலிக நினைவகமே 2,048 சொல்தான், நம்ம கைபேசியில ஒரு குறுஞ்செய்தி ஐகானுக்குக்கூடப் பத்தாது.

இடம் ஒதுக்கற அந்தச் சின்ன நிரலை நினைச்சுப் பாருங்க. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, இடமில்லை. நிலாவுல இறங்கிக்கிட்டு இருக்கோம், எஞ்சின் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனால அது எந்த முடிவும் எடுக்கல. 1202ன்னு எண்ணைக் காட்டிட்டு 'பெயில்அவுட்'னு ஒரு நிரல்துண்டைக் கூப்பிட்டுது. இன்னைய பாஷையில சொன்னா, எறிஞ்சுது.

பிடிச்சவனுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சிருந்தது. எல்லா வேலைகளையும் ஒரே வீச்சுல துடைச்சுட்டு, எதெல்லாம் கட்டாயம் வேணுமோ அதை மட்டும், ஏற்கெனவே குறிச்சு வச்ச இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிச்சான். வழிகாட்டல், எஞ்சின் கட்டுப்பாடு ரெண்டும் உயிரோட. மத்தது போனாப் போகுது. எம்ஐடி ஆய்வகத்துல ஹால் லேனிங் வடிவமைச்ச அந்த முன்னுரிமை முறையும், மார்கரெட் ஹாமில்டன் தலைமையில மென்பொருள் எழுதினவங்களோட மறுதொடக்க ஏற்பாடும் சேர்ந்துதான் அன்னைக்குக் காப்பாத்துச்சு.

இதுக்கும் மேல ஒரு அடுக்கு இருந்தது, அது மனுஷங்க. அதுக்குச் சில வாரம் முன்னாடி நடந்த ஒத்திகையில இதே மாதிரி ஒரு அலாரம் வந்து, தரையிறங்கறதைக் கைவிடச் சொல்லிட்டாங்க. அது தேவையில்லாத முடிவுன்னு அப்புறம் தெரிஞ்சது. விமான இயக்குநர் ஜீன் க்ரான்ஸ், ஒவ்வொரு அலாரம் வந்தா என்ன செய்யணும்னு எழுதிக் கொண்டுவாங்கன்னு சொல்லிட்டார். 24 வயசு ஜாக் கார்மன் கையால எழுதின ஒரு பட்டியல் ரெடியாச்சு. அதனாலதான் நிஜமா 1202 வந்தப்ப, விடாம அடுத்தடுத்து வராத வரைக்கும் பரவாயில்லைன்னு கார்மன் சொல்ல, 26 வயசு ஸ்டீவ் பேல்ஸ் 'போகலாம்'னுட்டார். கேட்ச் பிளாக்கைக் காகிதத்துல எழுதி ஹூஸ்டன்ல வச்சிருந்தாங்கன்னு நான் சொல்றதுண்டு.

சரி, இப்ப புத்தகங்களுக்கு வருவோம்.

1975 டிசம்பரில் ஜான் குட்இனஃப்னு ஒருத்தர் எக்ஸப்ஷன் பற்றி நீளமா ஒரு கட்டுரை எழுதினார். (பேட்டரிக்காக 2019-ல நோபல் வாங்கின குட்இனஃப் வேற ஆளு. 'போதுமான அளவுக்கு நல்லது'ன்னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தர் பிழைகளைப் பத்தி எழுதறது எனக்கு ரொம்பப் பிடிச்ச தற்செயல்.) அவர் சொன்னதோட சாரம் எளிமையானது. எக்ஸப்ஷன்ங்கறது பிழைதான்னு கட்டாயம் இல்ல. வேலை செய்யறவன் ஒரு நிலைமையைப் பார்க்கறான், அதைத் தன்னைக் கூப்பிட்டவன் காதுல போடறான், அவ்வளவுதான். அந்த நிலைமைக்கு என்ன அர்த்தம்னு கூப்பிட்டவனுக்குத்தான் தெரியும். கோப்பு முடிஞ்சதுங்கிற அதே செய்தி, ஒருத்தனுக்கு 'வேலை முடிஞ்சது', இன்னொருத்தனுக்கு 'பாதிக் கோப்பு காணோம்'.

இதைத்தான் அப்போலோவில் பேப்பர் எழுதாமலே செஞ்சுட்டாங்க. கோளாறைப் பார்த்தவனுக்கு மருந்து தெரியாது. மருந்து தெரிஞ்சவனுக்குக் கோளாறு கண்ணுல படாது. எறியறதுங்கறது இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தபால்.

அடுத்து வந்த சண்டை: எறிஞ்ச பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வரலாமா, கூடாதா? பிஎல்/1 காரங்க வரலாம்னாங்க. பார்பரா லிஸ்காவ் எம்ஐடியில் உருவாக்கின சிஎல்யூ மொழி, கூடாது, எறிஞ்சா அந்த ஃபங்ஷன் அத்தோட முடிஞ்சதுன்னு சொல்லிடுச்சு. இன்னொண்ணும் செஞ்சாங்க, என்னென்ன எறிவேன்னு ஃபங்ஷனோட தலைப்புலேயே எழுதியாகணும். இந்தத் தகராறு சி++ வரைக்கும் வந்தது. 1990-களின் தொடக்கத்துல அதோட தரக்குழு விவாதத்துல ஜிம் மிட்செல் தன் அனுபவத்தைச் சொன்னார். ஜெராக்ஸ் ஆய்வகத்துல அஞ்சு லட்சம் வரியில ஒரு பெரிய அமைப்பு. திரும்பி வர்ற வசதி அதுல இருந்தது. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்த வசதியைப் பயன்படுத்தற இடம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், அதுவும் தேவையில்லைன்னு எடுத்துட்டாங்களாம். எடுத்ததும் அந்தப் பகுதி வேகமா ஓடிச்சாம். அத்தோட வழக்கு தீர்ந்தது.

(கொசுறா ஒண்ணு: 'த்ரோ'ங்கிற வார்த்தை 1972-லயே மேக்லிஸ்ப் மொழியில வந்துடுச்சு. சி++ அதை எடுத்ததுக்கு ஒரு காரணம், 'ரெய்ஸ்', 'சிக்னல்'ங்கிற நல்ல வார்த்தைகள் ரெண்டையும் சி மொழி நூலகம் ஏற்கெனவே பட்டா போட்டு வச்சிருந்தது. இப்படித்தான் ஒரு தலைமுறையே எறிய ஆரம்பிச்சது.)

இதுக்கு நடுவுல அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்குன்னு ஒரு மொழி வேணும்னு போட்டி வச்சு, பிரெஞ்சுக்காரர் ஜான் இஷ்பியா தலைமையிலான குழுவோட வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் ஏடா. அதுல எக்ஸப்ஷன் உண்டு. 1980-ல ட்யூரிங் விருது வாங்கின டோனி ஹோர், அந்த மேடையிலேயே ஏடாவை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். மொழி ரொம்பப் பெருசாயிடுச்சு, எக்ஸப்ஷன் மாதிரி விஷயங்கள் ஆபத்து, உயிர் போற இடங்கள்ல இதை இப்படியே பயன்படுத்தாதீங்கன்னார். அடுத்து வழிதவறப் போற ராக்கெட் வெறும் ஆராய்ச்சி ராக்கெட்டா இல்லாம அணுகுண்டு சுமக்கிறதா இருக்கலாம்னும் எச்சரிச்சார்.

ஹோர் சோதனைகளுக்கு எதிரி இல்லைங்கறதையும் சொல்லணும். அதே உரையில பழைய கதை ஒண்ணு வருது. 1960-கள்ல எலியட் நிறுவனத்துக்காக அவர் எழுதின கம்பைலர், வரிசையில இல்லாத இடத்தைத் தொட்டா ஒவ்வொரு தடவையும் பிடிச்சுக் கொடுக்கும். வேகம் வேணும்னா இந்தச் சோதனையை நிறுத்திக்கலாமான்னு வாடிக்கையாளர்களைக் கேட்டாங்களாம். வேண்டவே வேண்டாம்னு ஒருமனதா சொல்லிட்டாங்க. கண்டுபிடிக்கிறதுல அவருக்குச் சண்டை இல்ல. கண்டுபிடிச்ச பிறகு நடக்கிற கூத்துலதான் சண்டை.

பதினாறு வருஷம் கழிச்சு அந்த ராக்கெட் வந்தது.

1996 ஜூன் 4, காலை 9 மணி 34 நிமிடம். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா, கூரு ஏவுதளம். ஐரோப்பாவோட புது ராக்கெட் அரியான் 5-க்கு முதல் பயணம். உள்ளே க்ளஸ்டர்னு நாலு செயற்கைக்கோள், பூமியோட காந்தப்புலத்துல சூரியக்காற்று என்ன பண்ணுதுன்னு பார்க்கறதுக்கு. இதுக்கு முந்தின அரியான் 4 நல்ல குதிரை, நம்பிக்கையானது. (அதோட வைக்கிங் எஞ்சினுக்கும், நம்ம மகேந்திரகிரியில சோதிக்கிற விகாஸ் எஞ்சினுக்கும் தாய்-பிள்ளை உறவு. அது தனிப் பதிவுக்கான கதை.)

ராக்கெட் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, எவ்வளவு வேகத்துல போகுதுன்னு சொல்ல ஒரு பெட்டி உண்டு. திசைப்பெட்டின்னு வச்சுக்குவோம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுன்னு ரெண்டு வச்சிருந்தாங்க. ரெண்டும் ஒரே மாதிரி, ரெண்டுலயும் அதே மென்பொருள், அரியான் 4-லேருந்து அப்படியே எடுத்தது, எழுதின மொழி ஏடா. நல்லா ஓடறதை ஏன் மாத்தணும்? கேட்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு.

அந்த மென்பொருள்ல ஒரு பகுதி, கிளம்பறதுக்கு முன்னாடி பெட்டியை நேர்படுத்தறதுக்கானது. கிளம்பிட்டா அதுக்கு வேலையே இல்ல. ஆனாலும் கிளம்பி 40 விநாடி வரைக்கும் ஓடும்படி வச்சிருந்தாங்க. ஏன்னா பழைய அரியான்ல கடைசி அஞ்சு, ஒன்பது விநாடியில கவுண்ட்டவுனை நிறுத்த வேண்டி வந்தா, பெட்டியை மறுபடி முதல்லேருந்து நேர்படுத்த முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். இந்தப் பகுதி தொடர்ந்து ஓடினா அந்த நேரம் மிச்சம். 1989-ல ஒரு தடவை அது நிஜமாவே கைகொடுத்துச்சு. அரியான் 5-ல கிளம்பற முறையே வேற, இது தேவையே இல்ல. ஆனா ஓடற கோடைத் தொட யாருக்கு மனசு வரும்?

அந்தப் பகுதியில ஒரு கணக்கு. கிடைமட்ட வேகத்தோட சம்பந்தப்பட்ட ஒரு எண்ணை, 64 பிட் தசம வடிவத்திலிருந்து 16 பிட் முழு எண்ணா மாத்தணும். 16 பிட்டுல அடங்கற பெரிய எண் 32,767. அரியான் 4-ல அந்த எண் இதைத் தாண்டவே தாண்டாது. அரியான் 5 ஏறற பாதை வேற, கிடைமட்ட வேகம் சட்டுனு ஏறிடும். உழக்குல மரக்கால் நெல்லைக் கொட்டின கதை ஆயிடுச்சு.

கவனிக்காம விட்டாங்களான்னு பார்த்தா, அதுவும் இல்ல. இப்படி ஆபத்தான மாறிகள் ஏழுன்னு அரியான் 4 காலத்துலயே கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. அதுல நாலுக்குப் பாதுகாப்புப் போட்டாங்க, மூணை விட்டுட்டாங்க. கணினியோட சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரம்பு. இந்த மூணும் பெருசாக வாய்ப்பே இல்லைன்னு கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. பழைய ராக்கெட்டுக்குச் சரியான முடிவும்கூட. புது ராக்கெட்டோட பாதை விவரத்தை வச்சுத் திசைப்பெட்டியைச் சோதிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அதை யாரும் செய்யல.

எண் அடங்கலை. எக்ஸப்ஷன் எறியப்பட்டுது. இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் நடந்ததுன்னு நான் சொல்லுவேன். சொன்ன வேலையைச் செய்ய முடியல, அதை ஒளிக்காம சொல்லிடுச்சு.

யார் பிடிச்சா? அந்த இடத்துக்குன்னு யாரும் இல்ல. ஆனா பெட்டிக்கு மொத்தமா ஒரு விதி எழுதி வச்சிருந்தாங்க: எந்த எக்ஸப்ஷன் வந்தாலும் 'நான் கெட்டுட்டேன்'னு தகவல் அனுப்பு, நிலவரத்தை அழியாத நினைவகத்துல எழுதி வை, அப்புறம் உன்னையே அணைச்சுக்கோ. 'எந்த எக்ஸப்ஷனானாலும்'. வேலைக்கு ஆகாத நேர்படுத்தும் கணக்குல வந்ததா, உயிர்நாடியான கணக்குல வந்ததான்னு ஒரு கேள்வி கிடையாது.

ஏன் இப்படி ஒரு விதி? கணித மேதை ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில அமைஞ்ச விசாரணைக் குழு ஆறே வாரத்துல, 1996 ஜூலை 19 தேதியிட்ட அறிக்கையில இதை நேரடியாவே எழுதியிருக்கு. எக்ஸப்ஷன் வந்தா வன்பொருள் ஏதோ தற்செயலா பழுதாயிடுச்சுன்னு அர்த்தம் பண்ணிக்கிற பழக்கம் அந்தத் திட்டத்துல ஊறிப்போயிருந்தது. வன்பொருள் பழுதுன்னா இந்த விதி பிரமாதம். கெட்ட பெட்டி ஒதுங்கிக்கும், நல்ல பெட்டி பொறுப்பெடுத்துக்கும். ஆனா மென்பொருள் தப்புன்னா ரெண்டு பெட்டியிலயும் அதே தப்பு அதே நேரத்துலதானே வரும்? அப்படியே வந்தது. கவுண்ட்டவுன் பூஜ்யத்திலிருந்து 37 விநாடிக்குக் கொஞ்சம் முன்னால மாற்றுப்பெட்டி முதல்ல அணைஞ்சது. 72 மில்லிவிநாடி சுற்று ஒண்ணு கழிச்சு, அதே காரணத்தால, ஓடிக்கிட்டிருந்த பெட்டியும் அணைஞ்சது.

உச்சக்கட்ட சோகம் அடுத்துதான். அணையறதுக்கு முன்னால பெட்டி அனுப்பின கோளாறுத் தகவலை, ராக்கெட்டோட முதன்மைக் கணினி பறக்கும் விவரம்னு நினைச்சுப் படிச்சிடுச்சு. 'எனக்கு உடம்பு சரியில்ல'ன்னு தந்தி வந்தா, அதுல இருக்கிற எழுத்தை எண்ணி அத்தனை டிகிரி திரும்புன்னு புரிஞ்சுக்கிட்ட மாதிரி. இல்லாத சாய்வைச் சரிபண்ணறதா நினைச்சு எஞ்சின் முனைகளை முழுசாத் திருப்பிச்சு. ராக்கெட் 20 டிகிரிக்கு மேல சாய, காத்தோட விசையில பக்கவாட்டு பூஸ்டர்கள் பிய்ய ஆரம்பிக்க, தன்னைத்தானே அழிச்சுக்கிற ஏற்பாடு வேலை செஞ்சுடுச்சு. 3,700 மீட்டர் உயரம். கவுண்ட்டவுன் முடிஞ்சு 40 விநாடிகூட ஆகல. ராக்கெட்டும் சரக்கும் சேர்த்துச் சுமார் 37 கோடி டாலர்னு பொதுவா சொல்வாங்க. அந்த நாலு செயற்கைக்கோளுக்குப் பின்னால வருஷக்கணக்கில உழைச்ச விஞ்ஞானிகள் அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்ததை எந்த டாலர்ல கணக்குப் போடறது?

சிதறல்கள் 12 சதுர கிலோமீட்டருக்கு, சதுப்பிலும் புல்வெளியிலும் விழுந்துச்சு. அதுக்குள்ள இறங்கித் தேடி ரெண்டு திசைப்பெட்டியையும் எடுத்துட்டாங்க. கடைசியா அணைஞ்ச பெட்டியோட அழியாத நினைவகத்துல, விதிப்படி எழுதி வச்ச நிலவரம் அப்படியே இருந்தது. உலகத்திலேயே அதிக விலை கொடுத்து வாங்கின பிழைப்பதிவு அதுவாத்தான் இருக்கும்.

ஹோர் அன்னைக்கே சொன்னார், ஏடாவால ராக்கெட் போச்சுன்னு இதை உதாரணம் காட்டறவங்க நிறைய. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மொழி தன் கடமையைச் செஞ்சது. வேடிக்கை என்னன்னா, இதே நிரல் சி மொழியில இருந்திருந்தா, எண் அடங்கலைன்னு அநேகமா யாருக்கும் சொல்லாம ஏதோ ஒரு குப்பையை அந்த இடத்துல போட்டிருக்கும். கிளம்பின பிறகு அந்தக் கணக்கோட விடை யாருக்கும் வேண்டாம். குப்பையைச் சுமந்துக்கிட்டே ராக்கெட் ஜம்முனு போயிருக்கும்! அதனால எறியாம இருக்கிறதே மேல்னு சிலர் கிளம்புவாங்க. அந்தக் குப்பை வேண்டாத கணக்குல விழுந்தது அதிர்ஷ்டம், அடுத்த தடவை வேண்டிய கணக்குல விழும்.

பெர்ட்ராண்ட் மேயர், ஜான்-மார்க் ஜெஸெகெல் ரெண்டு பேரும் 1997 ஜனவரியில இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. 32,767-க்கு மேல வராதுங்கிற அனுமானம், அந்த ஃபங்ஷன் மேல நிபந்தனையா ஒட்டியிருக்கணும்னாங்க. ஒட்டியிருந்தா, அரியான் 5-க்கு எடுத்தவங்க அதைப் படிச்சிருப்பாங்க. மேயருக்கு எக்ஸப்ஷன்னா ஒப்பந்தம் முறிஞ்சுதுன்னு அர்த்தம். ஃபங்ஷன் ஒரு வாக்குக் கொடுக்குது, காப்பாத்த முடியலைன்னா எறியணும், காப்பாத்த முடிஞ்சா எறியக் கூடாது. ஒப்பந்தம் எழுதியிருந்தா மட்டும் எல்லாரும் படிச்சிருப்பாங்களான்னு எதிர்க்கேள்வி கேட்டவங்களும் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயம்தான். ஆனா எப்ப எறியணும்ங்கறதுக்கு நான் படிச்சதுல இதைவிட நல்ல பதில் இன்னும் கண்ணுல படல. 'பயனரைத் தேடு'ன்னு பேர் வச்சா, இல்லைங்கறதும் ஒரு விடை, எறிய வேண்டாம். 'பயனரைக் கொண்டு வா'ன்னா, இல்லைன்னா வாக்குத் தவறிட்டோம், எறியணும்.

மைக்ரோசாஃப்ட்காரங்க இதை அழகா ரெண்டாப் பிரிச்சாங்க. எழுத்தை எண்ணா மாத்தற 'பார்ஸ்' முடியலைன்னா எறியும். பயனர் தட்டச்சுறதுல தப்பு வர்றது அன்றாடம்தானே, அதுக்குப் போய் எறியறதான்னு 2005-ல முழு எண்ணுக்கும் 'ட்ரைபார்ஸ்' கொடுத்தாங்க. இது எறியாது, முடிஞ்சதா இல்லையான்னு மட்டும் சொல்லும். பைத்தான் நேர் எதிர். 2001-லேருந்து அங்கே சாதாரண லூப் முடியறதே ஒரு எக்ஸப்ஷனாலதான். பிஎல்/1 காலத்துச் சண்டை இன்னும் முடியலைன்னு சொல்றேன் :-)

அரியான் வெடிச்ச அதே 1996, ஜனவரியில ஜாவா 1.0 வெளிவந்தது. சிஎல்யூ வழியைப் பிடிச்சுக்கிட்டு, முக்கியமான எக்ஸப்ஷனை எல்லாம் ஒண்ணு பிடிக்கணும், இல்லைன்னா எறிவேன்னு தலைப்புல அறிவிக்கணும், இல்லைன்னா கம்பைல் ஆகாதுன்னு கட்டாயப்படுத்தினாங்க. நோக்கம் தங்கம். நடந்தது என்ன? கம்பைலர் வாயை அடைக்க, பிடிச்சுட்டு ஒண்ணுமே செய்யாத காலி கேட்ச் பிளாக் ஊரெல்லாம் முளைச்சது. சி ஷார்ப் மொழியை வடிவமைச்ச ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் 2003-ல ஒரு பேட்டியில, நாங்க கட்டாயப்படுத்தாததுக்குக் காரணங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு சொன்னார்.

நான் பார்த்த ஓர் அலுவலகத்துல, ராத்திரி ஓடற ஒரு வேலை தினமும் பச்சை விளக்கு காட்டிக்கிட்டிருந்தது. மூணு வாரம் கழிச்சு ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணித்தான், ஒரு ரசீதுகூட வெளியே போகலைன்னு தெரிஞ்சது. தோண்டிப் பார்த்தா, என்னைக்கோ யாரோ எழுதின கேட்ச் பிளாக், உள்ளே வெறும் அடைப்புக்குறி ரெண்டு. ஒவ்வொரு ராத்திரியும் எக்ஸப்ஷன் ஒழுங்கா வந்திருக்கு, ஒழுங்கா அமுக்கப்பட்டிருக்கு. அரியான்ல பார்த்ததுக்கெல்லாம் செத்துப் போனான், இங்கே எதுக்குமே சாகலை. ரெண்டுமே ஒரே வியாதின்னுதான் எனக்குத் தோணுது. என்ன வந்திருக்குன்னு பார்க்காமலே முன்கூட்டி முடிவு பண்ணிட்டாங்க.

அப்புறம் வந்த மொழிகள் சலிச்சுப் போய் வேற பக்கம் நகர்ந்துச்சு. 2009-ல வந்த கோ, பிழையைத் திரும்பவும் விடையோட சேர்த்துக் கையில கொடுக்குது. 2015-ல முதல் பதிப்பு வந்த ரஸ்ட்டும் அப்படித்தான், ஆனா அந்தக் கவரைப் பிரிச்சுப் பார்க்காம உள்ளே இருக்கிற விடையை எடுக்க முடியாது. ரெண்டுலயும் நிஜமான பேரிடருக்கு 'பேனிக்'னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க.

லியோன்ஸ் குழுவோட பரிந்துரைகள்ல முதலாவது, கிளம்பின உடனே அந்த நேர்படுத்தும் வேலையை நிறுத்துங்கங்கறது. இன்னொண்ணுதான் எனக்கு முக்கியம். திசைப்பெட்டி மாதிரியான எந்த உணர்கருவியும், முடிஞ்ச அளவுக்கு நல்ல விவரத்தை அனுப்பறதை நிறுத்தவே கூடாதுன்னாங்க. அதாவது எறி, ஆனா சாகாதே. 1969-ல 1202 செஞ்சதும் அதுதான்.

கொசுறு: அரியான் 5 அப்புறம் தேறிடுச்சு. நம்ம இன்சாட்-3பி 2000 மார்ச்சில் அதுலதான் போச்சு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் போனதும் அதுலதான். 2023 ஜூலையில ஓய்வு பெற்றது. க்ளஸ்டர் விஞ்ஞானிகள் மிச்சமிருந்த உதிரிபாகங்களை வச்சு ஒரு செயற்கைக்கோளைக் கட்டி அதுக்கு ஃபீனிக்ஸ்னு பேர் வச்சாங்க. அப்புறம் பணம் புரட்டி இன்னும் மூணு. நாலும் 2000 ஜூலை, ஆகஸ்ட்டில் பைக்கானூரிலிருந்து ரஷ்ய சோயுஸ் ராக்கெட்டுல ரெண்டு ரெண்டா ஏறிச்சு. ரும்பா, சல்சா, சாம்பா, டாங்கோன்னு நடனப் பேர்கள். ரெண்டு வருஷத்துக்குன்னு அனுப்பினது இருபத்து நாலு வருஷம் வேலை செஞ்சது. சல்சா 2024 செப்டம்பர் 8 அன்னைக்குத் தென் பசிபிக் மேல எரிஞ்சு இறங்கிச்சு, இந்தத் தடவை திட்டமிட்டபடி.